பாத்திரம் கழுவ எத்தனை மிளகாய்?

'கிச்சனை ஒழுங்குபடுத்தணும்' என்று டைப் செய்துவிட்டு, எவ்வளவு காரம் வேண்டும் என்று சொல்ல வேண்டும். குறைந்த காரம் என்றால், அந்த ஒரு வரி வேலை மூன்று நான்கு படிகளாகப் பிரிந்து வரும். காரத்தைக் கூட்டக் கூட, படிகள் பொடிப்பொடியாகும். தட்டில் ஒட்டியிருப்பதைக் குப்பையில் தட்டு, தட்டுகளை ஒருபக்கம் அடுக்கு, ஸ்பாஞ்சை நனை என்கிற அளவுக்கு இறங்கி வரும்.

'காப்ளின் டூல்ஸ்' என்கிற இணையதளத்தில் இருக்கும் 'மேஜிக் டு-டூ' கருவிதான் இது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பிராம் டி பாய்ஸர் என்கிற மென்பொருள் பொறியாளர் உருவாக்கியது. இணையதளத்தில் கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. காரத்தின் அளவைக் காட்ட அவர் தேர்ந்தெடுத்த சின்னம், மிளகாய். நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கமே தேவைப்படாத சின்னம்!

'பாத்திரம் கழுவுறதுக்கெல்லாமா படிப்படியா சொல்லித்தரணும்?' என்று சிரிக்கத் தோன்றும். பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லைதான். ஆனால் நல்ல படிப்பு, நல்ல வேலை, நாலு பேருக்கு யோசனை சொல்லும் அறிவு எல்லாம் இருந்தும், நிரம்பி வழியும் சிங்க்கின் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் செய்யாமல் போய்ப் படுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 'சோம்பேறி' என்று வீடு சொல்லும். பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, அவர்களும் அதை நம்பத் தொடங்கியிருப்பார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது ஏ.டி.ஹெச்.டி. தமிழில் 'கவனக்குறைவு மற்றும் மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு' என்பார்கள். துறுதுறுவென ஓடும் பள்ளிச் சிறுவனின் பிரச்னையாகவே இது நீண்டகாலம் பார்க்கப்பட்டது. ஆனால், வளர்ந்தவர்களிலும் சுமார் 2.5 சதவிகிதம் பேருக்கு இது இருப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் கையேடு, 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், வளர்ந்தவர்களுக்கு என்று அளவுகோலையே கொஞ்சம் மாற்றியது. குழந்தைகளுக்கு ஆறு அறிகுறிகள் தேவை. 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஐந்து போதும். ஆனால் அவற்றில் சில, 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும்.

வளர வளர ஓட்டம் குறைந்துவிடும். உள்ளே நடக்கும் ஓட்டம் நிற்பதில்லை. கரன்ட் பில் தேதி தாண்டும், கேஸ் அடுப்பில் பால் பொங்கும், முக்கியமான மெயில் பாதி எழுதியபடி 'டிராஃப்ட்'டில் கிடக்கும்.

இந்தத் துறையில் அதிகம் எழுதியவர்களில் ஒருவரான அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி திரும்பத் திரும்ப வலியுறுத்துவது ஒன்றைத்தான். இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் இல்லை. தெரிந்ததை, செய்ய வேண்டிய நேரத்தில் செய்ய முடிவதில்லை. அதனால், எப்படிச் செய்வது என்று பாடம் எடுப்பதில் பெரிய பயன் இல்லை. வேலை நடக்கும் இடத்திலேயே, அந்த நேரத்திலேயே கைகொடுக்க வேண்டும். இவர்களுக்கு என்று ஆப், டைமர், டைரி எதை வடிவமைப்பதாக இருந்தாலும், அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

சிவப்பு வட்டம் சொல்லும் நேரம்

ஏ.டி.ஹெச்.டி உள்ளவர்களுக்கு நேரம் இரண்டே வகை. ஒன்று, இப்போது. இன்னொன்று, இப்போது இல்லை. நாளை மறுநாளும் அடுத்த வருடமும் இந்த இரண்டாவது பெட்டிக்குள்தான் கிடக்கும். மணி 9.40. பத்தேகாலுக்கு மீட்டிங். ஆபீஸ் போக 25 நிமிடம் ஆகும். கணக்குப்படி 9.50-க்குள் கிளம்ப வேண்டும். 'இன்னும் டைம் இருக்கே' என்று ஒரு சட்டையை அயர்ன் செய்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, சாவியைத் தேடி, வாசலுக்கு வரும்போது மணி 10.10. வேண்டுமென்று செய்ததல்ல. அந்த 25 நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை உள்ளே இருக்கும் கடிகாரம் காட்டவில்லை. இதை 'நேரக் குருடு' என்று பார்க்லி குறிப்பிடுகிறார். கேட்க நன்றாக இல்லாத பெயர்தான், ஆனால் விஷயம் விளங்கிவிடுகிறது.

இதற்குக் கிடைத்த மிக எளிய தீர்வுகளில் ஒன்று, ஆப் காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வசித்த ஜான் ரோஜர்ஸ் என்கிற பெண்மணியின் சின்ன மகள், 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். 'பத்து நிமிஷம்' என்ற பதிலால் அந்தக் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. அதனால் 1994-ல் ரோஜர்ஸ் ஒரு கடிகாரம் செய்தார். முகப்பில் சிவப்பு வட்டு. அரை மணி என்று திருப்பி வைத்தால் பாதி வட்டம் சிவப்பாகத் தெரியும். நேரம் போகப் போக சிவப்பு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் காணாமல் போகும். 'டைம் டைமர்' என்ற பெயரில் இன்றும் விற்பனையில் இருக்கிறது. குழந்தைக்காகச் செய்ததை இன்று வளர்ந்தவர்கள் ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறார்கள்.

போனில் '32:10' என்று ஓடும் எண்ணைப் பார்த்தால், அதை மனதுக்குள் மொழிபெயர்க்க வேண்டும். சிவப்பு வட்டத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். டம்ளரில் காபி எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது போல, பார்த்தவுடன் தெரியும். கோபன்ஹேகனில் உருவான 'டீமோ' ஆப், ஒரு நாள் முழுவதையும் இப்படி நிறமும் படமுமாகவே காட்டுகிறது.

நேரத்தை அளவாகப் பார்ப்பது பழைய பழக்கம்தான். நம்மவர்கள் வைத்திருந்த நாழிகை வட்டிலும், நீரின் அளவைக் கொண்டுதான் நேரத்தைச் சொன்னது. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். 1980-களின் கடைசியில் இத்தாலியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ சிரில்லோ என்கிற கல்லூரி மாணவர், படிப்பில் மனம் நிற்காமல், தக்காளி வடிவிலான சமையலறை டைமரைத் திருகி வைத்துப் படிக்கப் பழகினார். 'பொமோடோரோ' என்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் அந்த முறையில், ஒரு சுற்று 25 நிமிடம். கிட்டத்தட்ட ஒரு நாழிகை!

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏ.டி.ஹெச்.டி உள்ளவர்களுக்கு வேலையைத் தொடங்குவதுதான் மலை. அரும்பாடுபட்டுத் தொடங்கி, மனம் ஊன்றிவிட்ட நேரத்தில் '25 நிமிடம் முடிந்தது, எழுந்திரு' என்று டைமர் அலறினால், மறுபடி அந்த மலையின் அடிவாரத்திலிருந்து ஏற வேண்டும். 'இன்னும் கொஞ்சம் தொடரட்டுமா?' என்று மெல்லக் கேட்கும் டைமர்தான் இவர்களுக்குச் சரி. அதேநேரம், பிடித்த வேலையில் இறங்கிவிட்டால் சாப்பாட்டையும் மறந்துவிடுபவர்களும் இவர்களேதான். எனவே, ஒரேயடியாகச் சும்மா இருந்துவிடுகிற டைமரும் உதவாது.

காய்ந்த மரம்

புதிதாக ஒரு ஆப் இறக்கியதும் முதல் நான்கு நாள் திருவிழாதான். கலர் கலராகப் பட்டியல் போட்டு, வாழ்க்கையையே அதில் ஏற்றிவிடுவார்கள். புதுமை இருக்கும்வரை மூளை ஒத்துழைக்கும். இரண்டாவது வாரம் ஒருநாள் மறக்கும். மூன்றாவது வாரம் திறந்து பார்த்தால், கெடு தாண்டிய வேலைகள் வரிசையாகச் சிவப்பில் நிற்கும். ஆப்பை மூடியவர், பிறகு திறக்கவே மாட்டார்.

பல ஆப்களின் அடிப்படைக் கோளாறு இங்கேதான். மறக்காதவர்கள், மறக்கிறவர்களுக்காகச் செய்தவை அவை. தினமும் தவறாமல் வந்தால் 'ஸ்ட்ரீக்' ஏறும். ஒருநாள் விட்டால் பூஜ்ஜியம். 'ஃபாரஸ்ட்' ஆப்பில் வேலை முடியும்வரை போனை நோண்டாமல் இருந்தால் ஒரு மரம் வளரும், இடையில் வேறு ஆப்புக்குத் தாவினால் மரம் காய்ந்துவிடும். சிலருக்கு இந்த விளையாட்டு நன்றாகவே உதவுகிறது. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து 'உனக்குப் பொறுப்பே இல்லை' என்று கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, காய்ந்த மரம் இன்னொரு திட்டு. ஏ.டி.ஹெச்.டி பயிற்சியாளரான பிரெண்டன் மேஹன் இதை ஒரு சுவராகச் சித்திரிக்கிறார். ஒவ்வொரு தோல்வியும் ஒரு செங்கல். பார்க்க ஐந்து நிமிட வேலையாக இருக்கும், ஆனால் அதற்கு முன்னால் பல வருடச் செங்கற்களில் எழும்பிய சுவர் நிற்கும்.

ஒரு ஆப் இவர்களுக்கானதா என்று பார்க்க, முதல்நாள் அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைப் பார்த்துப் பயனில்லை. மூன்று வாரம் காணாமல் போய்த் திரும்பி வருபவரை எப்படி வரவேற்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய பாக்கியை எல்லாம் சத்தமில்லாமல் ஒரு பெட்டியில் எடுத்து வைத்துவிட்டு, 'இன்று எதை எடுத்துக்கொள்ளலாம்?' என்று ஒன்றே ஒன்றைக் கேட்கும் ஆப், பாதி வெற்றி பெற்ற ஆப். காப்ளின் டூல்ஸில் ஸ்ட்ரீக் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் வரலாம், கேட்டதைச் செய்துகொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உத்தேசமாகச் சொல்லவும், கோபத்தில் எழுதிய மெசேஜைப் பதமாக மாற்றித்தரவும் அதில் தனித்தனிக் கருவிகள் இருக்கின்றன. பின்னால் இருப்பது செயற்கை நுண்ணறிவு என்பதால் சிலசமயம் அபத்தமாகவும் பதில் வரும், கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது.

முந்தானை முடிச்சு

மறக்கக் கூடாத விஷயத்துக்கு முந்தானையில் முடிச்சுப் போட்டு வைக்கும் பழக்கம் நம் பாட்டிகளுக்கு உண்டு. பால் கணக்கை அடுப்படிச் சுவரிலேயே கோடு போட்டு வைத்த வீடுகளும் உண்டு. நினைவை மூளையில் சுமக்காமல், கண்ணில் படும் இடத்தில் இறக்கி வைக்கிற தொழில்நுட்பம். பார்க்லி சொல்வதும் அதைத்தான்.

முடிச்சுக்கு ஒரு குறை உண்டு. 'எதுக்கு முடிஞ்சேன்?' என்று சாயந்திரம் பாட்டி யோசித்துக்கொண்டிருப்பார். இன்றைய போன் ரிமைண்டருக்கும் அதே குறை இருக்கிறது. 'இன்ஷூரன்ஸ்!' என்று காலை 9 மணிக்குப் பஸ்ஸில் நிற்கும்போது போன் அதிரும். பாலிசி எண் வீட்டு பீரோவில் இருக்கும். 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிவிட்டால், அது 'இப்போது இல்லை' பெட்டிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். இப்படித் தள்ளித் தள்ளிப் பழகியதும், அடுத்தடுத்த அதிர்வுகளைக் காது பொருட்படுத்தாது.

நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1999-ல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு வழி சொன்னது. 'இன்ஷூரன்ஸ் கட்டணும்' என்ற எண்ணத்தைவிட, 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று ஒரு நிகழ்வோடு வேலையைக் கோத்து வைப்பது வலுவானது. 'ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும், பீரோவிலிருந்து பாலிசியை எடுத்து டைனிங் டேபிளில் வைப்பேன்.' ரிமைண்டரில் எழுத வேண்டியதும் இந்த முழு வாக்கியத்தைத்தான். எங்கே, எதற்குப் பிறகு, முதல் அசைவு என்ன என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. டைப் செய்வதற்குள் யோசனை நழுவிவிடும் என்பவர்கள், போன் கீபோர்டில் உள்ள மைக்கைத் தொட்டுத் தமிழிலேயே பேசிப் பதியலாம்.

இதையெல்லாம்விட எளிய உதவி ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு ஆள். பரீட்சை நேரத்தில் நண்பன் வீட்டில் உட்கார்ந்து 'கம்பைன்ட் ஸ்டடி' செய்தவர்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு பாடம் படித்தாலும், தனியாக இருந்தால் ஓடாத பக்கங்கள் அங்கே ஓடும். ஏ.டி.ஹெச்.டி வட்டாரத்தில் இதற்கு 'பாடி டபுளிங்' என்று பெயர். இதையே டெய்லர் ஜேக்கப்சன் என்பவர் 'ஃபோகஸ்மேட்' என்ற இணையதளமாக மாற்றினார். முன்பதிவு செய்துகொண்டால் உலகின் ஏதோ ஒரு மூலையில் இருப்பவர் வீடியோவில் வருவார். இருவரும் என்ன வேலை செய்யப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். 25, 50, 75 நிமிடம் என எது வேண்டுமோ தேர்வு செய்யலாம். முடிவில், 'முடித்தேன்' அல்லது 'பாதிதான் முடிந்தது' என்று சொல்லிவிட்டு விடைபெறலாம். முகம் தெரியாதவர் என்பதால் அங்கே திட்டு இல்லை. கேமரா முன் உட்காரக் கூச்சப்படுபவர்களுக்கு இது சரிவராது; அவர்களுக்கு அதே அறையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மாவே போதும்.

ஆனால், பல வீடுகளில் அந்த 'இன்னொரு ஆள்' அளவுக்கு அதிகமாகவே பயன்படுத்தப்படுகிறார். கணவரின் மாத்திரை, ஹெல்மெட், லோன் தேதி, மாமியாரின் செக்-அப் என எல்லாவற்றுக்கும் மனைவிதான் அலாரம். முதல் இரண்டு முறை நினைவூட்டல், மூன்றாவது முறை நச்சரிப்பு, நான்காவது முறை சண்டை. நல்ல கருவி இந்தச் சுமையைத்தான் முதலில் இறக்க வேண்டும். இருவர் போனிலும் தெரியும் ஒரே பட்டியல். நினைவூட்டுவது போனின் வேலை, மனைவியின் வேலை அல்ல என்ற ஒப்பந்தம். இதற்குத் தனி ஆப்கூட வேண்டாம், போனில் இருக்கும் காலண்டரைப் பகிர்ந்துகொண்டாலே போதும்.

குறைபாடு மனைவிக்கு இருந்தால் கதை வேறு. ஓடியாடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கனவில் இருக்கும் சிறுமியை யாரும் டாக்டரிடம் அழைத்துப் போவதில்லை. அவள் வளர்ந்து, குடும்பம் மொத்தத்தின் நினைவையும் தலையில் சுமக்கும் பொறுப்பு வந்த பிறகுதான் தடுமாற்றம் வெளியே தெரியும். அதற்கும் 'பொறுப்பில்லாதவள்' என்ற பட்டம்தான் கிடைக்கும்.

மறதிக்குக் கட்டணம்

'7 நாள் இலவசம்' என்று ஒரு ஆப் அழைக்கும். எட்டாவது நாள் ஒரு வருடச் சந்தா கார்டிலிருந்து போகும். ரத்து செய்ய மறப்பதே தன் குறைபாடு என்று வந்தவரிடம், அந்த மறதியையே வருமானமாக்கும் வியாபாரம் இது. இப்படிப் போகும் சந்தா, அபராதம், வாங்கி வைத்ததை மறந்து மறுபடி வாங்கும் பொருள் எல்லாவற்றையும் சேர்த்து 'ஏ.டி.ஹெச்.டி வரி' என்று வெளிநாடுகளில் கசப்போடு கேலி செய்கிறார்கள்.

இந்த விஷயத்தில் இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. கார்டிலிருந்து தானாகப் போகும் தொடர் கட்டணங்களுக்கு, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும், அதை நிறுத்தும் வசதியும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. 2021 அக்டோபர் முதல் இது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஏ.டி.ஹெச்.டி-யை மனதில் வைத்து யாரும் எழுதிய விதி அல்ல. ஆனாலும் 'நாளைக்குப் பணம் போகப்போகிறது' என்று சரியான நேரத்தில், நிறுத்தும் வழியோடு வரும் அந்த எஸ்.எம்.எஸ்., விலை உயர்ந்த பல ஆப்களைவிட நல்ல வடிவமைப்பு. அதைப் பார்த்தவுடனே முடிவெடுப்பதுதான் முக்கியம், 'அப்புறம்' என்றால் பணம் போய்விடும்.

பணம் மட்டுமல்ல, அந்தரங்கமும் கவனிக்க வேண்டியது. எதை மறந்தேன், எந்த மாத்திரை எடுத்தேன், எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று எல்லாவற்றையும் இந்த ஆப்களிடம் சொல்கிறார்கள். வாடிக்கையாளர்களின் மனநலத் தகவல்களை விளம்பரத்துக்காகப் பிற நிறுவனங்களோடு பகிர்ந்த ஓர் ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனத்துக்கு, 2023-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 78 லட்சம் டாலர் செலுத்த உத்தரவிட்டது. மாத்திரை பெயரைச் செயலியில் எழுதுவதற்குப் பதிலாக 'காலை வேலை 1' என்று எழுதினாலும் ரிமைண்டர் அடிக்கத்தான் செய்யும்.

இன்ஸ்டா ரீல்ஸில் ஐந்து அறிகுறிகளைப் பார்த்துவிட்டு 'எனக்கும் இதுதான்' என்று முடிவுகட்டிவிடுவதும் இப்போது அதிகமாகியிருக்கிறது. தூக்கமின்மை, தைராய்டு, பதற்றம், மனச்சோர்வு எல்லாமே கவனத்தைக் குலைக்கும். எது என்று பிரித்துச் சொல்ல மனநல மருத்துவரால்தான் முடியும். ஏ.டி.ஹெச்.டி-தான் என்று உறுதியானால் அதற்கு மருந்துகளும் பேச்சு வழிச் சிகிச்சையும் இருக்கின்றன. டைமரும் மிளகாயும் அவற்றுக்குத் துணையாக வருபவை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலுள்ள 21 வகைகளின் பட்டியலில் ஏ.டி.ஹெச்.டி தனியாக இடம்பெறவில்லை. எனவே அலுவலகத்தில் சலுகை கேட்க இப்போதைக்குச் சட்டத்தைவிட மேலாளரின் மனதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. 'வாயால் சொன்ன வேலையை ஒரு மெசேஜாகவும் போட்டுவிடுங்கள் சார்' என்று கேட்பதில் யாருக்கும் செலவில்லை.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், மத்திய அரசின் 'டெலி மனஸ்' உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அம்மாவையோ அண்ணனையோ உடன் அழைத்துச் செல்வது நல்லது. 12 வயதுக்கு முன்னால் எப்படி இருந்தீர்கள் என்று அவர் கட்டாயம் கேட்பார். பீரோவுக்கு அடியில் பழைய ரேங்க் கார்டுகள் இருந்தால் அவற்றையும் எடுத்துப் போகலாம். 'கெட்டிக்காரன், ஆனால் கவனம் இல்லை' என்று டீச்சர் எழுதிய வரி, டாக்டருக்கு உபயோகப்படும்.